மாஸ்டரின் கேள்வியும் டீச்சரின் கேள்வியும்

பட்டுக்கோட்டையில் என் அப்பா மூன்று தொழில் நடத்தினார்: டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், எஸ்.டி.டி. பூத், பிரவுசிங் சென்டர். மூன்றும் ஒரே வாடகைக் கட்டடம்தான். இன்ஸ்டிடியூட் மாடியில், மற்ற இரண்டும் கீழே. இன்றைக்கும் காலை ஆறு மணிக்குக் கதவு திறப்பது மாடியில் மட்டும்தான். பூத்தின் கண்ணாடிக் கூண்டும் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரும் காயலான் கடைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. பிரவுசிங் சென்டரில் மிச்சமிருப்பது ஒரு ஜெராக்ஸ் மெஷினும் லேமினேஷன் மெஷினும். மூன்றில் எது மிகப் பழைய இயந்திரமோ, அது மட்டும் நிலைத்துவிட்டது.

சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில், அடிக்கடி யாராவது ஒருவர் கூட்டம் போட்டு, மாற்றத்துக்குத் தயாராகாதவர்கள் காணாமல் போவார்கள் என்று பேசுவார். ஃபிலிம் ரோல் கம்பெனி, பழைய செல்போன் கம்பெனி என்று அதே உதாரணங்கள் வரும். எல்லோரும் தலையாட்டுவோம். ஊரில் அப்பாவின் ரெமிங்டன் டைப்ரைட்டர்கள் இன்னும் டகடகவென்று ஓடிக்கொண்டிருக்கின்றன என்று சொன்னால் கூட்டத்தின் சுருதி கெட்டுவிடும் என்று நான் வாயைத் திறந்ததில்லை.

டைப்ரைட்டர் பிழைத்ததற்குப் பழமை மீதான பாசம் காரணமில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பதவி வேண்டுமென்றால் அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர்; இல்லாவிட்டால் ஒன்றில் ஹையர், மற்றதில் லோயர். ஆங்கில லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. வேலை கிடைத்த பிறகு அந்தப் பிள்ளை அரசு அலுவலகத்தில் தொடப்போவது கம்ப்யூட்டரைத்தான், மெஷினை இல்லை. அது மாடிக்கு வரும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பி.எஸ்சி. முடித்த பெண், வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கும் இன்ஜினியர், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடிவரும் அம்மா என்று எல்லோரும் வந்து ஏ.எஸ்.டி.எஃப் என்ற முதல் விரல் பாடத்தில் ஆரம்பிக்கிறார்கள்.

ஊரில் அப்பாவை எல்லோரும் 'மாஸ்டர்' என்பார்கள். மாஸ்டரிடம் தொழில் பற்றி யார் யோசனை கேட்டாலும் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அத வாங்கித்தான் ஆகணும்னு யாரு சொல்றா?" மீன் பண்ணை வைக்கப்போகிறேன் என்று வந்த என் மாமாவிடமும் இதையே கேட்டார், ஐஸ்கிரீம் ஏஜென்சி எடுக்கப்போகிறேன் என்று வந்த பழைய மாணவரிடமும் இதையே கேட்டார். பிடிக்கும் என்பதற்காக வாங்குபவர் கைவிட்டுப் போய்விடுவார், வேறு வழியில்லாமல் வாங்குபவர் மாதாமாதம் வருவார் என்பது அவர் கணக்கு. கொஞ்சம் கசப்பான கணக்கு. வாடிக்கையாளரை மகிழ்விக்க வேண்டும் என்று நான் படித்த எல்லாவற்றுக்கும் நேர் எதிர்.

அந்தக் கணக்கின்படிதான் ஒரு காரியம் செய்தார். கோத்ரெஜ் நிறுவனம் 2009-இல் டைப்ரைட்டர் தயாரிப்பை நிறுத்தியது. 2011-இல் அது உலகம் முழுக்கச் செய்தியானது. கடைசி டைப்ரைட்டர் தொழிற்சாலையும் மூடப்பட்டது என்று ஆளாளுக்கு இரங்கல் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு அக்கம்பக்கத்து ஊர்களில் சில இன்ஸ்டிடியூட்காரர்கள் மெஷின்களை எடைக்குப் போடத் தொடங்கினார்கள். அப்பா ஒரு குட்டியானை பிடித்துக்கொண்டு மன்னார்குடிக்கும் அறந்தாங்கிக்கும் போய் அந்த மெஷின்களை வாங்கி வந்தார். புது மெஷின் இனி வராது, தேர்வு மட்டும் இருக்கும் என்றால் பழைய மெஷினுக்கும் உதிரிக்கும்தானே மதிப்பு. தமிழ் மெஷின் கிடைப்பது இன்னும் கடினம். யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா வடிவமைத்த விசைப்பலகை அது. புள்ளி, கொக்கி விசைகளை அழுத்தினால் உருளை நகராது; அதனால் குறியை முதலில் தட்டிவிட்டு, எழுத்தை அடுத்துத் தட்டினால் இரண்டும் ஒரே இடத்தில் விழும். இதைப் பழகிய விரலுக்கு மற்றத் தமிழ் விசைப்பலகை எதுவும் சரிப்படாது. அம்மெஷின்களுக்கு டைப் பார் வளைந்தால் நிமிர்த்தவும் ரப்பர் உருளை தேய்ந்தால் மாற்றவும் தஞ்சாவூரிலிருந்து ஒரு மெக்கானிக் வருவார். அவருக்கு மட்டும் அப்பா காப்பி வாங்கிக் கொடுத்து, பேரம் பேசாமல், கேட்ட கூலியைக் கொடுப்பார். பேரம் பேசி அவர் கோபித்துக்கொண்டு போனால் வேறு ஆள் இல்லை.

இதுவரை எழுதியதைப் படித்தால் அப்பா பெரிய தீர்க்கதரிசி போலத் தெரியும். ஊரும் அப்படித்தான் சொல்லும். "மாஸ்டர் துணிஞ்ச கட்டை" என்பார்கள். அவர் துணிச்சலுக்கு யார் பணம் போட்டது என்பதை ஊர் பேசாது.

அம்மா ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர். அப்பாகூட அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார், பாதி கிண்டலாக, பாதி மரியாதையாக. இன்ஸ்டிடியூட்டின் முதல் ஆறு மெஷினைத் தவிர, அப்பாவின் மற்ற முதலீடு எல்லாம் அம்மாவின் சம்பளச் சீட்டு வழியாக வந்தவை. பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன், பி.எஃப். அட்வான்ஸ், பண்டிகை முன்பணம், பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து போட்ட ஏலச்சீட்டு. சிக்கன நாணயச் சங்கக் கடனுக்குச் சக ஆசிரியர்கள் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். ஆக, பட்டுக்கோட்டையில் எஸ்.டி.டி. பூத் ஓடாவிட்டால் ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கும் கணக்கு டீச்சருக்குப் பிடித்தம் விழும். புதுத் தொழிலுக்கு ஆரம்பத்திலேயே பணம் போடுவதை இன்று 'ஏஞ்சல்' முதலீடு என்கிறார்களே, அந்த வேலையை நம் ஊர்களில் எத்தனை வருஷமாக அரசு ஊழியர் மனைவிகள் செய்து வந்திருக்கிறார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும். பங்கும் கிடையாது, போர்டில் பெயரும் கிடையாது.

அம்மாவுக்கும் ஒரு கேள்வி உண்டு. அப்பா புதிதாக எதையாவது சொல்லி முடித்ததும், "சரிங்க. போனா எவ்வளவு போகும்?" என்பார். எவ்வளவு வரும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வருவதைப் பற்றி அப்பா தாமாகவே மணிக்கணக்கில் பேசுவார் என்பதால் இருக்கலாம். அப்பா ஒரு தொகை சொல்வார், அம்மா அதோடு கொஞ்சம் கூட்டி, இதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்பார். நகையும், அப்பாயி பெயரில் இருந்த தென்னந்தோப்பும் கணக்கில் வராது. அதில் பேச்சே இல்லை.

பூத் வந்தது 1992-இல். அதற்கு முன்பு வெளியூர் பேச டிரங்க் கால் புக் செய்துவிட்டு எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். எஸ்.டி.டி. வந்ததும் எல்லாம் நேரடி. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு குட்டி ஃபேன். இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும். நாலில் ஒரு பங்குக் கட்டண நேரத்துக்காகப் பத்து மணிக்கு மேல்தான் கூட்டம் சேரும். அதிராம்பட்டினத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் சிங்கப்பூர், துபாய், சவூதி என்று போயிருக்கும் ஆட்களின் குடும்பங்கள் வந்து வரிசையில் நிற்கும். எங்கள் பூத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பும் உண்டு. "செவ்வாக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு" என்று கடிதத்தில் எழுதியிருப்பார்கள். ஏழு மணிக்கு மனைவி, மாமியார், நாலு பிள்ளைகள் என்று வந்து உட்கார்ந்திருப்பார்கள். சில செவ்வாய் போன் வராது. அன்றைக்கு அவர்களை எப்படி எழுப்பி வீட்டுக்கு அனுப்புவது என்று அப்பாவுக்குத் தெரியாது. மாடிக்குப் போய்விடுவார், நான்தான் ஷட்டரைப் பாதி இறக்குவேன்.

கூண்டுக்குள் பேசுவது வெளியே கேட்காது என்று நினைத்துத்தான் பேசுவார்கள். நன்றாகவே கேட்கும். வட்டிக்கு வாங்கி விசா எடுத்தது, அங்கே போனால் சொன்ன வேலை வேறாக இருந்தது, நகையை மீட்க முடியாமல் முழுகியது எல்லாம் மீட்டரின் சிவப்பு எண்களோடு சேர்ந்து ஓடும். தொழில் முனைவோர் என்றால் கம்பெனி ஆரம்பித்தவர் என்றுதான் நாம் பேசுகிறோம். நிலத்தை அடகு வைத்து, முகம் தெரியாத ஏஜென்ட்டை நம்பி, மொழி தெரியாத ஊருக்கு விமானம் ஏறியவர் எடுத்த ரிஸ்க் எங்கள் அப்பா எடுத்ததைவிடப் பல மடங்கு பெரியது. அவரை 'கூலிக்குப் போனவன்' என்பதோடு சரி. டீச்சர் கேள்வியை அந்த வீடுகளில் யாரும் கேட்டிருக்க முடியாது. போனால் எல்லாமே போகும் என்பதுதான் அங்கே பதில், பதில் தெரிந்தேதான் போனார்கள்.

பிரவுசிங் சென்டர் 2000-இல். நான்கு கம்ப்யூட்டர், டயல்-அப் மோடம், பி.எஸ்.என்.எல்-இன் சஞ்சார்நெட் இணைய இணைப்பு. நெட் கட்டணம் தனி, போன் பில் தனி. மின்சாரம் போனால் யு.பி.எஸ். பத்து நிமிடம் கத்தும். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் தெருவே அடைத்துக்கொள்ளும். சர்வர் திணறும், பக்கம் பாதியில் நிற்கும், பின்னால் இருபது பேர் பதிவெண்ணைக் கையில் எழுதிக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 2002 ஏப்ரலில் இந்தியாவில் இணையவழி தொலைபேசியை அனுமதித்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாஹூ மெசஞ்சரில் துபாய்க்குப் பேசுவது மணிக்கு முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். முன்னறையில் ஐ.எஸ்.டி. நிமிடக் கணக்கில் காசு தின்றுகொண்டிருந்தபோது, பின்னறையில் அதே துபாய் கிட்டத்தட்ட சும்மா கிடைத்தது. அப்பா ஐ.எஸ்.டி. பேச வந்தவர்களை அவரே பின்னறைக்கு அனுப்பினார். நான் சண்டை போட்டேன். பூத் கமிஷன் போகுமே என்றேன். "நாம அனுப்பலன்னா எதிர்த்த கடைக்குப் போய்க் கத்துக்கிட்டு வரும்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் பின்னறை வருமானம் முன்னறைக்கு ஈடாகவே இல்லை, கடைசிவரை. பழையதை நாமே உடைத்துப் புதியதைக் கட்ட வேண்டும் என்று எழுதுகிறவர்கள், உடைத்ததைவிடக் கட்டியது பல நேரம் சின்னதாக இருக்கும் என்பதை மட்டும் எழுதுவதில்லை.

எஸ்.டி.டி. கட்டணத்தை பி.எஸ்.என்.எல். 2002 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், பெருமளவு குறைத்தது. நெடுந்தூர அழைப்புக்கு முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. முதல் சில மாதம் கூட்டம் அதிகமானது, அப்பா இரண்டாவது கூண்டு போடலாமா என்றுகூட யோசித்தார். அம்மா ஒதுக்கிய தொகை முடிந்துவிட்டது, பேச்சு அங்கேயே நின்றது. நின்றது நல்லதாயிற்று. 2003 மே முதல் செல்போனில் இன்கமிங் இலவசம். அந்த ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குப் போன் இணைப்பு என்று விளம்பரம் செய்தது. அதன் பிறகு செவ்வாய் ஏழு மணிக்கு யாரும் வந்து உட்காரவில்லை.

அதே ஜூலையில்தான் எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழானது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அம்மாவும் அதில் ஒருவர். உச்ச நீதிமன்றம் வரை போய், மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரும்பாலானோர் திரும்பச் சேர்ந்தார்கள் என்பது இன்று ஒரே வரியில் எழுதக்கூடிய சங்கதி. அந்த வாரங்களில் அப்படி இல்லை. பூத் படுத்துவிட்டது, சம்பளம் நின்றுவிட்டது, சிக்கன நாணயச் சங்கத் தவணை பாக்கி. ஜாமீன் போட்டவர்களும் வேலையில் இல்லை.

அம்மாவின் சம்பளம் இருக்கிற தைரியத்தில்தானே அப்பா இத்தனை ஆடினார்? அந்தச் சம்பளமே ஆடியபோது வீட்டுக்கு அரிசி வாங்கியது மாடி. ஆகஸ்ட் தேர்வுக்குப் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், பீஸ் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். வேலை போன ஆசிரியர் ஒருவர்கூடத் தன் மகளைக் கொண்டுவந்து சேர்த்தார். எந்த அரசு வேலைக்காகச் சேர்க்கிறோம் என்று அவருக்கே அப்போது சிரிப்பாக இருந்திருக்கும். அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து, "நெரந்தரமுன்னு சொன்னீங்களேடா" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

அம்மா வேலைக்குத் திரும்பிய பிறகும் அந்த வாரங்களைப் பற்றிப் பேசமாட்டார். ஆனால் ஒன்று செய்தார். சங்கக் கடன் முழுவதையும் அடைக்கும்வரை அப்பாவுக்குப் புதிய தொகை எதுவும் கொடுக்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் செல்போன் கடைகள் முளைத்து நன்றாகக் காசு பார்த்த காலம் அது. மாஸ்டர் ஏன் அதில் இறங்கவில்லை என்று பலர் கேட்டார்கள். அவர் ஏதேதோ காரணம் சொன்னார். காரணம் சமையலறையில் இருந்தது.

இத்தனையும் பார்த்து வளர்ந்தவள் கம்பெனி ஆரம்பிக்கலாமா? 2017-இல் நானும் உடன் வேலை பார்த்த ஒரு தோழியும் வேலையை விட்டோம். சின்னக் கடைகளுக்குத் தமிழில் பில் போடும் மென்பொருள், அதுதான் திட்டம். என் கணவருக்கு வங்கி வேலை, வீட்டுக் கடன் இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருந்தது, மகள் யு.கே.ஜி. அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். இ.எம்.ஐ. அவர் சம்பளத்தில், பள்ளிக் கட்டணமும் அவர் சம்பளத்தில், மற்ற வீட்டுச் செலவுக்கு ஒன்றரை வருஷத்துக்கான பணத்தை நான் தனிக் கணக்கில் போட்டுவிட்டு வேலையை விட வேண்டும். என் மாமியார் கேட்டது வேறு: "அவன் சம்பாதிக்கிறான், நீ ஏம்மா ரிஸ்க் எடுக்கணும்?" அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் இதே கேள்வியை என் அப்பாவிடம் ஒருவரும் கேட்டதில்லையே என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் சம்பாதிக்கிற மனைவி இருந்தார்.

ஊருக்குப் போய்ச் சொன்னபோது மாஸ்டர் தம் கேள்வியைக் கேட்டார். இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வருகிறது. கச்சா பில்லும் நோட்டுக் கணக்குமாக இருந்த கடைக்காரர் வரி விகிதம் போட்டு பில் அடிக்க வேண்டும், மாதம்தோறும் ரிட்டர்ன் போட வேண்டும். யாரு சொல்றா? சர்க்கார் சொல்கிறது. அப்பா முகத்தில் அப்படி ஒரு திருப்தி. டீச்சர் தம் கேள்வியைக் கேட்டார். சொன்னேன். "அதுக்கு மேல கைய வைக்காத" என்றார்.

ஜி.எஸ்.டி. தொடங்குவதற்கு முதல் நாள், ஜூன் 30-ஆம் தேதி, உரத்துக்கு 12 சதவீதம் என்றிருந்ததை 5 ஆக்கினார்கள். எங்கள் முதல் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் உரக்கடைக்காரர்கள். அன்றிரவு தோழியும் நானும் வீட்டு ஹாலில் உட்கார்ந்து விகிதத்தை மாற்றி, ஒவ்வொரு கடைக்கும் புதிய கோப்பை அனுப்பினோம். பாதி ராத்திரியில் நாடாளுமன்றத்தில் விழா நடந்துகொண்டிருந்தது, டி.வி.யில் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தோம். மறுநாள் காலை பேராவூரணியில் ஒரு கடைக்காரர் முதல் பில்லைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டு, "வருதும்மா" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு விதியும் எங்களுக்கு வேலை தந்தது. 2018 ஜூனில் மாநிலத்துக்குள் சரக்கு அனுப்பவும் இ-வே பில் என்ற மின் அனுமதிச் சீட்டு வந்தது. காங்கேயத்துக்குக் கொப்பரை ஏற்றும் வியாபாரிகள் லாரியை நிறுத்திவைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிடுவார்கள். அப்பாவின் கணக்கு பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் நவம்பர் வந்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் நுழைந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்துவிட்டுப் போனது. முப்பது நாற்பது வருஷ மரங்கள், ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடந்தன. புதிதாக நட்டால் காய்க்க ஐந்து வருஷமாவது ஆகும். அப்பாயி தோப்பில் நின்ற மரங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எந்த முதலீட்டிலும் கைவைக்கக் கூடாது என்று அம்மா பாதுகாத்த தோப்பு அது. அப்பாவின் எந்தத் தொழிலும் அதைத் தொடவில்லை, காற்று தொட்டது.

மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. என் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்கள் எதுவும் ஓடவில்லை, ஓடினாலும் பில் போட வியாபாரம் இல்லை. சந்தா பாக்கியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, தோழிக்கும் வரவில்லை. அந்த வருஷச் சந்தாவை அந்தப் பகுதிக்கு விட்டுவிட்டோம். இதைத் தாராளம் என்று யாரும் நினைக்க வேண்டாம், கேட்டிருந்தாலும் வந்திருக்காது. கீழே கடையில் அப்பா ஜெனரேட்டர் வைத்து ஊர்க்காரர்களுக்குச் செல்போன் சார்ஜ் போட்டுக்கொடுத்தார், டீசல் செலவுக்கு மட்டும் காசு. மாடியில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பகல் வெளிச்சத்தில் வகுப்பு நடந்தது. அந்த மெஷின்களுக்கு மின்சாரம் எதற்கு.

மறு வருஷம் இன்னொன்று. 2019 ஏப்ரல் 1 முதல் சரக்கு விற்பவர்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு 20 லட்சத்திலிருந்து 40 லட்சமானது. சின்னக் கடைக்காரர்களுக்கு அது நிம்மதி. எங்களிடம் இருந்த மளிகைக் கடைகள், ஹார்டுவேர் கடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஒருவர் நல்ல மனிதர், போன் செய்து, "இனிமே கட்டாயம் இல்லியாமே" என்று விடைபெற்றார். அப்பாவிடம் சொன்னேன். வாங்கித்தான் ஆகணும் என்று சொன்னவரே வேண்டாம் என்றும் சொல்வார் என்பதை உங்கள் கணக்கில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, டைப்ரைட்டிங் தேர்வை முழுக்கக் கம்ப்யூட்டருக்கு மாற்றலாம் என்ற பேச்சு தாம் தொழில் தொடங்கிச் சில வருஷத்திலேயே கிளம்பிவிட்டது என்றார். "அந்தப் பயத்துலயே முப்பது வருசம் ஓட்டிருக்கேன்."

எனக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. இன்றும் படவில்லை. அவர் ஒரே விதியை நம்பினார், அது மாறவில்லை. மாறியிருந்தால் இதே மனிதரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று ஊர் சொல்லியிருக்கும். நிலைத்தவர் கதையைக் கேட்டுப் பாடம் படிப்பதில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. அவரோடு சேர்ந்து பூத் போட்டு, கடனில் மூழ்கி, திருப்பூருக்குப் போய்விட்டவர்கள் பேச்சை யார் கேட்டோம்? அந்த வகையில் டீச்சரின் கேள்வி எனக்கு இன்னும் உறுதியாகத் தெரிகிறது. அது சரியான தொழிலைத் தேர்ந்தெடுக்க உதவாது. தப்பான தொழிலிலிருந்து உயிரோடு வெளியே வர உதவும்.

கழன்ற கடைகளுக்குப் பிறகு மிஞ்சியவர்களுக்கு, விதி கேட்காத ஒன்றையும் செய்து கொடுக்கத் தொடங்கினோம். உரக்கடைக்காரருக்கு எந்த விவசாயி எவ்வளவு பாக்கி, எந்த அறுவடைக்குத் தருவதாகச் சொன்னார் என்ற கணக்கு. அதை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஜி.எஸ்.டி.க்காக வந்து கழன்றவர்களில் சிலர் இந்தப் பாக்கிக் கணக்குக்காகத் திரும்பி வந்தார்கள். மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது, "கடன்காரன்தான் சொல்றான்ல" என்று தம் கொள்கைக்குள் அதையும் இழுத்துக்கொண்டார்.

அம்மா ஓய்வுபெற்றுவிட்டார். 2003 ஏப்ரலுக்கு முன்பே வேலையில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியம். அப்பா இப்போது அதில் ஒரு பைசா கேட்பதில்லை, கேட்டால் கிடைக்காது என்று தெரியும். மாறாக நான் கேட்கலாம் என்பது போல அம்மா அவ்வப்போது பேச்சுக் கொடுக்கிறார். இந்த வருஷம் நாங்கள் புதிதாக ஒன்று செய்கிறோம். மொத்த வியாபாரி கொடுக்கும் பில்லைச் செல்போனில் படம் பிடித்தால், செயற்கை நுண்ணறிவு அதைப் படித்துக் கொள்முதல் கணக்கில் தானே ஏற்றிவிடும். அச்சடித்த பில் என்றால் நன்றாக வருகிறது. கையால் தமிழில் எழுதிய துண்டுச் சீட்டு என்றால் எட்டை ஆறாக்கிவிடுகிறது, 'மூட்டை'யை ஆளின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறது. மாஸ்டர் வழக்கம்போல் கேட்டார். யாரும் சொல்லவில்லைதான் என்றேன். உதட்டைப் பிதுக்கினார். டீச்சர் கேட்டார், தொகையைச் சொன்னேன். கணவருக்கும் அதே தொகைதான் தெரியும், தோழி வீட்டிலும் அதே தொகைதான்.

அதில் பாதி தீர்ந்திருக்கிறது. மூன்று உரக்கடைகள் தினமும் பயன்படுத்துகின்றன. ஒன்று மட்டும் காசு கொடுக்கிறது.